மெஷினைத் திறக்கலாம், டயலைத் தொடலாகாது

க்ரோனோகிராஃப் என்பது மணி காட்டுவதோடு, வேண்டியபோது ஓடவிட்டு நிறுத்தி நேரத்தை அளக்கவும் உதவும் கைக்கடிகாரம். சாவி கொடுக்கும் குமிழுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு பட்டன் இருக்கும். மேல் பட்டனை அழுத்தினால் டயலின் நடுவிலுள்ள நீண்ட முள் ஓடத் தொடங்கும்; மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பட்டன் அதைப் பழைய இடத்துக்கே திருப்பிவிடும். ஓடிய நிமிடங்களுக்கும் மணிகளுக்கும் டயலுக்குள் இருக்கும் சிறு வட்டங்கள் கணக்கு வைக்கும்.

தமிழ்நாட்டில் இத்தகைய வாட்ச் எப்போதுமே அரிது. சென்னை மவுண்ட் ரோட்டில் 1879-இல் கட்டி முடிக்கப்பட்ட பி. ஆர் அண்ட் சன்ஸ் கடை, தன் பெயரையே டயலில் பொறித்த கடிகாரங்களை விற்றது. சுதந்திரத்துக்குப் பின் வெளிநாட்டு வாட்ச் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1961-இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. தொழிற்சாலை சாதாரணக் குடும்பங்களுக்கும் கைக்கடிகாரம் கிடைக்கச் செய்தது. ஆனால் அதன் பெயரை நாடெங்கும் பரப்பியவை எளிய, சாவி கொடுக்கும் வாட்ச்களே. ஆகவே இன்று ஒரு வீட்டுப் பெட்டியில் பழைய க்ரோனோகிராஃப் இருந்தால், அது பெரும்பாலும் கடல் கடந்து போய் வந்த யாரோ ஒருவர் கையில் கட்டி வந்ததாகவே இருக்கும்.

இந்தியர்களுக்குப் பழகிய பெயர் ஃபேவர் லூபா. 1737-இல் சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் ஊரில் வேர்விட்ட இந்த நிறுவனம், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மும்பையில் கடை விரித்தது. 2011-இல் இந்தப் பெயரை வாங்கியது ஓசூரில் தொழிற்சாலை நடத்தும் டைட்டன். 2023-இல் அது ஈத்தோஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1960-களில் வந்த ஃபேவர் லூபா க்ரோனோகிராஃப்கள் சிலவற்றில் வால்ஜூ 72 என்ற மெஷின் ஓடியது. ரோலெக்ஸ் டேடோனாவின் தொடக்ககால வாட்ச்களிலும், 1963-இல் வந்த ஹோயர் கரேராவிலும் இருந்தது இதே மெஷின்தான்.

அந்த மெஷினின் அழகு அதன் தூண் சக்கரத்தில் இருக்கிறது. சிறு வட்டத் தட்டின் மேல் வரிசையாகத் தூண்கள் நிற்கும். பட்டனை அழுத்தும்போதெல்லாம் தட்டு ஒரு படி நகரும். நெம்புகோலின் முனை தூணுக்கும் தூணுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் விழுந்தால் ஒரு வேலை நடக்கும், தூணின் மேல் ஏறினால் வேறு வேலை. இதனால் ஒரு நடுச்சக்கரம் அசைந்து, மணி காட்டும் பல்சக்கரத் தொடரோடு நீண்ட முள்ளை இணைக்கிறது அல்லது பிரிக்கிறது. முள் பழைய இடத்துக்குத் திரும்புவது 1844-இல் அடால்ஃப் நிக்கோல் காப்புரிமை பெற்ற இதய வடிவத் தட்டால். சிறு சுத்தி ஒன்று அந்தத் தட்டின் விளிம்பில் அறையும். முள் எங்கே நின்றிருந்தாலும் தட்டு ஒரே நிலைக்கு உருண்டு வந்தாக வேண்டும். மின்சாரமோ கணிப்பொறியோ இல்லாத காலத்தில் உலோகத்தின் வடிவத்தை மட்டுமே கொண்டு கண்ட தீர்வு இது. இன்றைக்கும் வியக்க வைக்கிறது.

பழுதுபார்ப்பு பொறுமையான வேலை. முள் சிக்கியிருந்தால் பட்டனை வலுவாக அழுத்தக் கூடாது. நூலிழை போன்ற பற்கள் முறிந்துவிடும். உலர்ந்த எண்ணெய் பசையாகிக் கிடப்பதே பெரும்பாலான வாட்ச்கள் நிற்கக் காரணம். மெஷினை முழுவதும் பிரித்து, ஒவ்வொரு படியையும் படமெடுத்துக்கொண்டு, துலக்கி, இடத்துக்கேற்ற எண்ணெயை ஊசி முனையளவு வைக்க வேண்டும். க்ரோனோகிராஃப் சக்கரங்களின் பற்களுக்கு எண்ணெய் வைக்கவே கூடாது. பற்கள் ஒன்றோடொன்று கோக்கும் ஆழத்தைச் சிறு திருகுகளால் சரிசெய்வதில்தான் கைத்திறன் தெரியும். ஆழம் அதிகமானால் வாட்ச் நின்றுவிடும். குறைந்தால் முள் துள்ளித் துள்ளி ஓடும். வால்ஜூ 72 நொடிக்கு 5 முறை துடிக்கிறது, ஆகவே நொடியின் ஐந்தில் ஒரு பங்கு வரை அளக்கும்.

மெஷின் இப்படி முழுமையாகச் சீராகலாம். டயலின் கதை வேறு. மங்கிய டயலைச் சுரண்டிப் புதுச் சாயம் பூசி எழுத்தை மறுபடி அச்சிடும் வழக்கம் இந்தியாவில் பரவலாக உண்டு. பளிச்சென்ற நிறத்தில் இப்படி மும்பையிலிருந்து வரும் வாட்ச்கள் உலகச் சேகரிப்பாளர்களிடம் பெயர் கெட்டவை. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோவிலின் சிற்றறைகளில் பல்லவர் கால ஓவியத்தின் துண்டுகள் எஞ்சியிருக்கின்றன. இல்லாத பகுதியை இன்றைய வண்ணத்தால் யாராவது நிரப்பினால், இருப்பதும் பல்லவர் ஓவியமாக இராது. பழைய டயலுக்கும் அதுவே பொருந்தும். எழுத்துகள் தடித்துக் கலங்கியிருந்தாலும், நிமிடக் கோடுகள் சிறு வட்டங்களோடு சரியாகப் பொருந்தாவிட்டாலும் அது மறுஅச்சு என்று ஐயப்படலாம்.

இருட்டில் ஒளிரும் எண்களில் எச்சரிக்கை தேவை. 1960-கள் வரை அதற்கு ரேடியம் பூசினார்கள். ரேடியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 1,600 ஆண்டுகள். ஒளி அணைந்த பின்னும் கதிர்வீச்சு நீடிக்கும். அந்தப் பூச்சைச் சுரண்டவோ ஊதவோ கூடாது. டயலின் அடியில் டி என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பூச்சு டிரிட்டியம். அதன் வீரியம் 12 ஆண்டுகளுக்கொரு முறை பாதியாகக் குறையும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் ஈரமும் கோடையின் வியர்வையும் பழைய வாட்ச்சுக்கு ஆகாதவை. குரோமியம் பூசிய பித்தளைக் கேஸ் முதலில் அரிக்கும்; எஃகு தாங்கும். கேஸை மினுக்குவதற்காகத் தேய்த்துத் தேய்த்து விளிம்புகளை மழுக்கிவிட்டால், போன உலோகம் திரும்பாது. பிளாஸ்டிக் கண்ணாடியில் விழுந்த கீறலை மட்டும் தாராளமாகத் தேய்த்துப் போக்கலாம்.

தாத்தாவின் க்ரோனோகிராஃபைக் கடையில் கொடுப்பவர்கள் இரண்டு சொற்கள் சொல்லிவிட்டுக் கொடுங்கள்: டயலைத் தொட வேண்டாம், கழற்றிய பழைய பாகங்கள் அனைத்தையும் திருப்பித் தர வேண்டும்.