ரஹீம் சார் சொல்லிக் கொடுத்த ஆட்டம்

எங்க காயல்பட்டினத்தில் யாருக்கும் பந்து ஆடச் சொல்லித்தர வேண்டாம். பந்தைக் கொடுக்கத்தான் சொல்லித்தர வேண்டும்! நம் கல்லூரி ஆட்டத்தில் ஓரமாக நின்று நானும் கத்திப் பார்த்துவிட்டேன்.

ஹைதராபாத் சையது அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். எதிரியை வெட்டி உருட்டிக்கொண்டு போகக்கூடாது என்று விதி போட்டே போட்டி நடத்தினார். அப்புறம் 'பாஸ்' தன்னால வரும்லா?

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். ரஹீம் அவரை முன்வரிசையில் இறக்கினார். அரையிறுதியில் கோல், இறுதியிலும் கோல்! தென்கொரியாவை 2-1 என வென்று தங்கம். அதற்குப்பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குத் தங்கமே இல்லை. 1963 ஜூனில் ரஹீம் புற்றுநோயால் காலமானார். அந்த இறுதியின் முதல் கோலைப் போட்ட பி.கே. பானர்ஜி, பிற்காலத்தில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் அணிகளின் பயிற்சியாளர் ஆனார்.