குடிநீர்க் குழாய் வால்வுகளின் வடிவமைப்பு மேம்பாடு

குழாயில் செல்லும் நீர், எண்ணெய், நீராவி, வாயு போன்ற பாய்மங்களைத் திறந்துவிடவும், நிறுத்தவும், அளவைக் கூட்டிக் குறைக்கவும், ஒரே திசையில் மட்டும் செலுத்தவும் பயன்படும் உறுப்பு வால்வு ஆகும். இது தமிழில் ஓரதர், அடைப்பிதழ் எனவும் எழுதப்படுகிறது. வால்வின் வடிவமைப்பை மேம்படுத்துவது என்பது அதைக் கசிவின்றி மூடச் செய்வது மட்டுமன்று. திறந்திருக்கும்போது அழுத்தத்தை வீணாக்காமை, சேறு வந்தாலும் பழுதாகாமை, மூடும்போது குழாயை உடைக்காமை, வெளியிலுள்ள அழுக்கை உள்ளே விடாமை ஆகியவையும் அதில் அடங்கும். இக்கட்டுரை சென்னை போன்ற நகரங்களின் குடிநீர்க் குழாய்களைக் கொண்டு இவற்றை விளக்குகிறது.

முன்னோடி: குமிழித் தூம்பு

தமிழக ஏரிகளில் பல்லவர், பாண்டியர் காலம் முதல் அமைக்கப்பட்ட குமிழித் தூம்பு, இன்றைய வால்வின் கூறுகள் பலவற்றைக் கொண்டிருந்தது. ஏரியின் உட்புறம், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, நீரடியில் ஒரு கல்தொட்டி கட்டப்பட்டது. அதன் மூடுகல்லில் இருக்கும் துளை நீரோடி எனப்பட்டது. இரு கல்தூண்களுக்கு இடையே நின்ற தண்டின் முனையிலுள்ள அடைப்பு இத்துளையில் பொருந்தியது. தண்டைத் தூக்கினால் நீர் தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியிலுள்ள சுருங்கை வழியே கால்வாயை அடைந்தது. தொட்டியின் கீழ்ப்பகுதியில் சேறோடி எனும் சிறு துளைகளும் இருந்தன. நீரோட்டத்தின் இழுப்பில் படிவுச் சேற்றில் ஒரு பகுதி இவற்றின் வழியே வெளியேறியது. தண்டு, அடைப்பு, இருக்கை, சேற்றுக்கு வழி என்ற நான்கும் இதில் உள்ளன. இலங்கைக் குளங்களில் காணப்படும் பிசோகொட்டுவ எனும் கற்கிணறும் இதே பணியைச் செய்தது.

வடிவமும் அழுத்த இழப்பும்

குடிநீர் வழங்கலில் கேட் வால்வு, குளோப் வால்வு, பட்டர்ஃபிளை வால்வு, பால் வால்வு ஆகியவை பெரிதும் பயன்படுகின்றன. கேட் வால்வில் ஒரு தகடு கதவுபோல் மேலே ஏறிவிடுவதால் நீர் நேராகச் செல்கிறது. குளோப் வால்வில் நீர் வளைந்து ஏறி இறங்க வேண்டும். இவ்வேறுபாட்டை ஒரு எளிய கணக்கால் அறியலாம். நீர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் வேக உயரம் ஏறத்தாழ 0.2 மீட்டர். முழுதும் திறந்த கேட் வால்வின் இழப்புக் கெழு சுமார் 0.2, குளோப் வால்வுக்கு அது சுமார் 10. ஆகவே முன்னதில் இழப்பு 4 செ.மீ. நீருயரம், பின்னதில் 2 மீட்டர். அழுத்தம் குறைவான தெருக்குழாயில் இந்த 2 மீட்டர், வீட்டுச் சம்பில் தண்ணீர் விழுமா விழாதா என்பதையே முடிவு செய்யக்கூடும்.

எனினும் நீரின் அளவைக் குறைத்துவிடுவதற்குக் கேட் வால்வு ஏற்றதன்று. அரைகுறையாகத் திறந்து வைத்தால் தகடு அதிர்ந்து, இருக்கை தேய்ந்துவிடும். அளவைக் கட்டுப்படுத்தக் குளோப் வால்வும் அதற்கெனச் செய்யப்பட்ட பிற வால்வுகளுமே தகுந்தவை.

இருக்கையும் சேறும்

பழைய கேட் வால்வின் அடியில் தகடு அமர ஒரு பள்ளம் உண்டு. மணலும் துருத்தூளும் அதில் படிந்து, தகடு முழுதும் இறங்காமல் தடுக்கும். எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். புதிய வகையில் அடிப்பகுதி பள்ளமின்றிச் சமமாக இருக்கிறது. இரும்புத் தகடு முழுவதும் ரப்பர் போர்த்தப்படுகிறது. வால்வு திறந்திருக்கும்போது நீரோட்டமே தூசியைத் தள்ளிச் செல்கிறது. சிறு மணல் சிக்கினாலும் ரப்பர் அமுங்கி அடைத்துக்கொள்கிறது. சேறோடி தீர்க்க முயன்ற அதே சிக்கலுக்கு இது இன்றைய தீர்வு.

நீர்ச் சம்மட்டி

ஓடும் நீரைத் திடீரென நிறுத்தினால் அதன் உந்தம் அழுத்த அலையாக மாறிக் குழாயைத் தாக்கும். இதனை வாட்டர் ஹேமர் என்பர். ரஷ்ய அறிஞர் சுக்கோவ்ஸ்கி 1898இல் இதற்கான விதியை வெளியிட்டார். அழுத்த உயர்வு என்பது நீரின் அடர்த்தி, அலையின் வேகம், நீரின் வேக மாற்றம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். இரும்புக் குழாயில் அலை விநாடிக்குச் சுமார் 1000 மீட்டர் செல்கிறது என்று கொண்டால், விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை உடனே நிறுத்தும்போது 100 மீட்டர் நீருயரத்துக்கு ஈடான அழுத்தம் கூடுதலாக உண்டாகும்.

ஒரு கிலோமீட்டர் நீளக் குழாயில் அந்த அலை சென்று திரும்ப 2 விநாடி ஆகும். அதைவிடப் பல மடங்கு நேரம் எடுத்து மூடினால் தாக்கம் குறையும். கேட் வால்வின் திருகுமரை பல சுற்றுகள் சுற்றினால்தான் மூடும் என்பதால் அதில் இயல்பாகவே தாமதம் உண்டு. கால் சுற்றில் மூடிவிடும் பட்டர்ஃபிளை, பால் வால்வுகள் பெரிய அளவில் வரும்போது பற்சக்கரப் பெட்டி சேர்க்கப்படுவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

தண்டு வழிக் கசிவும் உடல்நலமும்

சென்னையின் பல பகுதிகளில் குழாய்நீர் நாள் முழுதும் வருவதில்லை. குறிப்பிட்ட நேரத்திற்கு மட்டும் திறந்துவிடப்படுகிறது. இம்முறையில் வால்வின் ஒரு சிறு குறை பெருந்தீங்காக மாறும். சாலையோர வால்வுக் குழிகளில் மழைநீரும் சில வேளைகளில் கழிவுநீரும் தேங்குகின்றன. பழைய வால்வுகளில் தண்டைச் சுற்றி மெழுகிட்ட கயிறு திணிக்கப்பட்டிருக்கும். அது தளர்ந்தால், நீர் வரும் நேரத்தில் உள்ளிருந்து வெளியே சொட்டும். நீர் நின்று குழாய் காலியாகும்போது உள்ளே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்து, அதே இடைவெளி வழியே குழிநீர் உள்ளே இழுக்கப்படும். மறுமுறை திறக்கும்போது முதலில் வருவது அந்த நீரே. வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை போன்ற நோய்கள் பரவ இது ஒரு வழி.

இதனால் புதிய வால்வுகளில் கயிற்றுக்குப் பதிலாக ரப்பர் வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தப்படுகின்றன. இவை இருபுறக் கசிவையும் தடுக்கின்றன. குழாய் காலியாகும்போது மேட்டுப்பகுதிகளில் வெளிக்காற்றை உள்ளே விட்டு, வெற்றிடம் உண்டாகாமல் காக்கும் காற்று வால்வுகளும் தேவை. அவற்றின் வாய் குழிநீருக்கு மேலே இருக்குமாறு அமைப்பது இன்றியமையாதது.

கடலோரப் பகுதிகள்

பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற இடங்களில் உப்புக்காற்றும், சில கிணறுகளின் உவர்நீரும் உலோகத்தை அரிக்கின்றன. வீடுகளில் பொருத்தும் பித்தளை வால்வில் துத்தநாகம் மட்டும் கரைந்து போக, செந்நிறமான, நொறுங்கும் செம்பு எஞ்சும். தண்டு முறிந்து கதவு குழாய்க்குள்ளேயே நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணம். துத்தநாக இழப்பைத் தாங்கும் பித்தளை, வெண்கலம், தரமான பிளாஸ்டிக் ஆகியவை மாற்று. 2013 முதல் இயங்கும் நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை போன்றவற்றில், சவ்வூடு பரவலுக்குக் கடல்நீரை 55 முதல் 70 பார் வரையிலான அழுத்தத்தில் செலுத்த வேண்டியிருக்கும். இவ்வகை ஆலைகளின் உயரழுத்தப் பகுதிக்குச் சாதாரண துருப்பிடிக்காத எஃகு போதாது. டூப்ளக்ஸ் வகை எஃகு தேவைப்படுகிறது.

சோதனையும் பராமரிப்பும்

இந்தியாவில் குடிநீருக்கான கேட் வால்வுகளுக்கு ஐ.எஸ். 14846 என்ற தரநிர்ணயம் உள்ளது. வால்வின் உடல், அதன் குறிப்பிட்ட அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கில் சோதிக்கப்படுகிறது. 1987இல் பாலக்காட்டில் நிறுவப்பட்ட பாய்மக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் வால்வுகளும் நீர்மானிகளும் சோதிக்கப்படுகின்றன.

சிறந்த வடிவமைப்பும் பராமரிப்பின்றிப் பயன்தராது. ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்ட வால்வு, தேவைப்படும் நாளில் அசையாது. வீட்டு வால்வுகளை மாதம் ஒருமுறை முழுதும் மூடித் திறப்பதும், தெருவில் வால்வுக் குழியில் நீர் தேங்கியிருந்தால் குடிநீர் வாரியத்திற்குத் தெரிவிப்பதும் எவரும் செய்யக்கூடியவை.