மருந்துக்கு அடங்காத புற்று: தாம்பரம் தரும் பாடம்

தாம்பரத்தை அடுத்த இரயில் நிலையத்திற்குச் 'சானடோரியம்' என்று பெயர் வரக் காரணம், 1928-ஆம் ஆண்டு மருத்துவர் டேவிட் சௌரிமுத்து அங்கு நிறுவிய காசநோய் மருத்துவமனையாகும். 1937-இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. அந்நாளில் காசக் கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவையே சிகிச்சை. பின்னர் மருந்து வந்தது. வந்த சில ஆண்டுகளிலேயே அம்மருந்தை வெல்லும் கிருமியும் வந்தது. இன்று தைராய்டுப் புற்றுநோயின் கொடிய வகையை ஆராய்வோர் எதிர்கொள்ளும் சிக்கலும் ஏறத்தாழ இதுவே. ஆகவே, பழைய கதையிலிருந்தே புதியதை விளக்க முற்படுகிறோம்.

பிரிட்டனில் ஸ்டெரப்டோமைசின் மருந்தைச் சோதித்த ஆய்வின் முடிவு 1948-இல் வெளியானது. ஆறு மாதங்களில் நோயாளிகள் வியக்கத்தக்க அளவில் தேறினர். ஐந்தாண்டுகளுக்குப் பின் பார்த்தபோதோ, மருந்து பெற்றோருக்கும் பெறாதோருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கோடிக்கணக்கான கிருமிகளுள் மிகச் சில, இயல்பிலேயே அம்மருந்துக்கு அடங்காதவையாக இருந்தன. மற்றவை மடிய, அவை தனிக்காட்டு ராஜாவாகப் பெருகின. ஒரே கிருமி இரு மருந்துகளுக்கும் தப்புவது அரிது என்பதால், மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை பிறந்தது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் இரு மருந்துகளை ஓராண்டு கொடுத்துச் சோதித்து, வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுவோரும் சானடோரியத்தில் தங்கியோருக்கு நிகராகக் குணமடைவர் என்று 1959-இல் உலகிற்கு அறிவித்தது.

இந்தப் பாடத்தைப் புற்றுநோய் மருத்துவர்களும் கற்றனர். 1960-களில் அமெரிக்காவில் குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு நான்கு மருந்துகளை ஒருசேரக் கொடுத்தவர்கள், காசநோய் சிகிச்சையையே முன்மாதிரியாகக் கொண்டனர்.

இனித் தைராய்டுக்கு வருவோம். கழுத்தின் முன்புறமுள்ள இச்சுரப்பியில் தோன்றும் புற்றுகளுள் பெரும்பாலானவை குணமாகக் கூடியவை. அறுவை செய்தபின் எஞ்சிய செல்களைக் கதிரியக்க அயோடின் அழிக்கிறது. உடலில் அயோடினை மிகுதியாக உறிஞ்சுவது தைராய்டு செல்லே ஆதலால், மருந்து தன் இலக்கைத் தானே சென்றடைகிறது. ஆனால் சில புற்றுச் செல்கள் அயோடின் நுழையும் வாயிலையே அடைத்துவிடுகின்றன. அதற்குப் பின் அம்மருந்தால் பயனில்லை.

இவற்றினும் கொடியது அனாபிளாஸ்டிக் என்னும் வகை. தைராய்டுப் புற்றுகளுள் நூற்றில் ஒன்றிரண்டே இவ்வகை எனினும், இது கண்டவர்கள் முன்பெல்லாம் பெரும்பாலும் சில மாதங்களே வாழ்ந்தனர். இவர்களுள் கணிசமானோரின் புற்றில் 'பிராஃப்' என்னும் மரபணு மாறியிருக்கிறது. 'வளர்க' என்னும் கட்டளையை அனுப்பும் விசை, அணையாமல் நின்றுவிட்ட நிலை அது. அவ்விசையைத் தடுக்கும் டாப்ராஃபெனிப், அதற்கு அடுத்த கண்ணியைத் தடுக்கும் டிராமெடினிப் ஆகிய இரண்டையும் சேர்த்துக் கொடுக்க 2018-இல் அமெரிக்கா அனுமதித்தது. 36 நோயாளிகளைக் கொண்ட ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டோரின் கட்டி சுருங்கியது. வாழ்நாளின் இடைநிலை அளவு 14.5 மாதங்கள். எனினும் நோய் கட்டுக்குள் இருந்த காலம், இடைநிலை அளவில், ஏழு மாதங்களை எட்டவில்லை. அடைபட்ட பாதையை விட்டுச் செல் வேறு வழி கண்டுகொள்கிறது. செல்லின் மேற்பரப்பிலுள்ள வேறு ஏற்பிகள் விழிக்கின்றன. 'ராஸ்' மரபணு மாறிய செல்கள் தலையெடுக்கின்றன.

அந்த மாற்றுவழிகளைக் கண்டறிவதே முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய ஆய்வுப் பயிற்சியில் இளம் அறிவியலாளர் மேற்கொள்ளும் பணி. புற்றுச் செல்களை மாதக்கணக்கில் மருந்திலேயே வளர்த்து, தப்பியவற்றின் மரபணுக்களை மூலச் செல்களோடு ஒப்பிட வேண்டும். ஆய்வகத்தில் கண்டதை நோயாளியின் திசுவில் சரிபார்க்க வேண்டும். புள்ளியியலும் ஆய்வு அறநெறியும் உடன் பயில வேண்டும். நோயாளி மனமுவந்து தரும் திசு ஓர் அமானிதம் அல்லவா?

எல்லாவற்றிற்கும் முன்னே கற்க வேண்டியது, மூலத்தைச் சோதிக்கும் பழக்கம். உலக ஆய்வகங்களில் புழங்கிய 40 தைராய்டுப் புற்றுச் செல் வகைகளை 2008-இல் மரபணு முறையில் சோதித்தபோது, தனித்தன்மை உடையவை 23 மட்டுமே எனத் தெரிந்தது. சில, தைராய்டே அல்லாத, தோல் அல்லது குடற் புற்றின் செல்கள். அவற்றைக் கொண்டு எழுதப்பட்ட முடிவுகளின் கதி என்ன? அறிவிப்பாளர் தொடரை ஆராயாமல் ஹதீஸை ஏற்காத மரபில் வந்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

நம் வீடுகளில் அறிவியல் பயிலும் பிள்ளைகளின் முன் மருத்துவமும் பொறியியலும் மட்டுமே இலக்காக வைக்கப்படுகின்றன. முனைவர் பட்டத்திற்குப் பின்னும் சில ஆண்டுகள் குறைந்த உதவித்தொகையில் பயில்வதைப் பெற்றோர் வீணெனக் கருதுவதுண்டு. தாம்பரத்தை அடுத்த வண்டலூரில் 1984-இல் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கிய கிரசண்ட் நிறுவனத்தில் இன்று உயிர் அறிவியலும் கற்பிக்கப்படுகிறது. அடையாற்றில் 1954 முதல் புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இத்தகைய பயிற்சிக்கு உதவித்தொகை வழங்குகிறது. வழிகள் அருகிலேயே உள்ளன.

காசநோய் ஒரே மருந்தால் வெல்லப்படவில்லை. மருந்து ஏன் தோற்றது என்று பொறுமையாகக் கேட்டவர்களால் வெல்லும் வழி பிறந்தது. ஏழு மாதத்தை ஏழு ஆண்டாக்கும் விடையும் அத்தகையோரிடமிருந்தே வர வேண்டும். அவர்களுள் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்பதே நம் விழைவு.