வேலூர்ச் சிப்பாயின் தோட்டாப் பெட்டி

மாணவர்களே, உங்கள் பள்ளி விழாவில் வேலூர்க் கோட்டைக் கிளர்ச்சியை நாடகமாக நடிக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் கிளர்ந்தெழுந்த சிப்பாய்களிடம் இருந்தவை, குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிகள். மேடைக்கு அதை மரத்தில் செய்துவிடலாம். தோட்டாக்களை வைக்கும் கறுப்புத் தோல் பெட்டியை எதனால் செய்வீர்கள்?

"ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் கிடைக்காத தோலா?" என்று கேட்பீர்கள். கிடைக்கும். ஆனால் அதற்கும் காலம் உண்டு!

பச்சைத்தோல் ஏன் அழுகுகிறது? அதிலுள்ள கொல்லாஜன் என்னும் புரதத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்றவற்றில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் உள்ளது. அது கொல்லாஜன் இழைகளைப் பிணைத்துக் காக்கிறது. இதுவே பழைய பதனிடும் முறை. குரோமிய உப்பால் பதனிடும் முறைக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்றது 1884இல்தான். இன்று பெரும்பாலான தோல் குரோமியத்தால் பதனிடப்படுகிறது. அத்தோலில் பெட்டி செய்தால், 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்க்குக் கைக்கடிகாரம் கட்டியது போலாகும்!

எது எந்தத் தோல் என்று எப்படி அறிவது? வெட்டிய விளிம்பைப் பாருங்கள். குரோம் தோலின் நடுப்பகுதி பெரும்பாலும் நீலச் சாம்பல் நிறமாக இருக்கும். பட்டைத் தோல் பழுப்பாக இருக்கும். சிறு துண்டைக் கொதிநீரில் இடுங்கள். பட்டைத் தோல் சுருண்டு சுருங்கிவிடும்; நன்கு பதனிட்ட குரோம் தோல் பெரிதும் தாங்கும்.

இனி கறுப்பு நிறம். பெயின்ட் வேண்டாம். ஒரு கண்ணாடிக் குப்பியில் வினிகர் ஊற்றி, துருப்பிடித்த ஆணிகளைச் சில நாட்கள் ஊறவையுங்கள். மூடியை இறுக்காதீர்கள், உண்டாகும் ஹைட்ரஜன் வாயு வெளியேற வேண்டும். அருகில் நெருப்பும் கூடாது. அந்த நீரை வடிகட்டிப் பட்டைத் தோலின்மேல் தடவினால், பழுப்பு நிறம் கண்ணெதிரே கறுத்துவிடும். இரும்பும் டானினும் சேர்ந்து கருநிறச் சேர்மம் ஆவதே காரணம். நம் முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை செய்ததும் இதே வேதியியலால்தான். குரோமியத்தால் மட்டும் பதனிட்ட தோலில் டானின் இல்லை. எனவே அது இப்படிக் கறுக்காது. இறுதியில் சமையல் சோடாக் கரைசலால் துடைத்து, மீந்த அமிலத்தைப் போக்குங்கள். உலர்ந்ததும் சிறிது எண்ணெய் தடவுங்கள்.

ஒரு பெட்டிக்கு இவ்வளவு பாடா என்கிறீர்களா? புதிய தலைப்பாகையில் தோல் குஞ்சம் வைக்கச் சொன்னதும் அந்தக் கிளர்ச்சிக்குக் காரணங்களில் ஒன்று. தோலுக்காகவும் வெகுண்டெழுந்தவர்களின் கதையை நடிக்கும்போது, மேடையில் இருக்கும் தோலாவது உண்மை பேச வேண்டாமா?