கலங்கின ஏரியில் விரால்: எந்த மாசம், எந்தத் தண்ணி?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

சேலத்துல இருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அமெரிக்காக்காரங்க வால்ஐ மீன் பிடிக்கிற வீடியோவா பார்த்துத் தள்ளுறாராம். ஆழம் கம்மியான ஏரி, டீத்தண்ணி கலர்ல தண்ணி. "நம்ம ஊர் ஏரியும் இப்படித்தானே இருக்கு, அந்த டெக்னிக் இங்க வேலை செய்யுமா?"ன்னு கேள்வி.

பாதி செய்யும். மீதிப் பாதி நேர் எதிர். இன்னிக்கு அந்த எதிர்ப் பாதியைத்தான் அதிகம் பேசப் போறேன்.

வால்ஐ யாருன்னு முதல்ல சொல்லிடறேன். வட அமெரிக்க நன்னீர் மீன், மின்னசோட்டாவோட மாநில மீனும் அதுதான். பூனைக்கு இருக்கிற மாதிரி அதோட கண்ணுக்குப் பின்னாடி ஒளியைத் திருப்பி அனுப்புற ஒரு படலம் இருக்கு. அதனால கலங்கின தண்ணியிலயும் இருட்டுலயும் இரைக்குத் தெரியாதது அதுக்குத் தெரியும். காத்தடிச்சு அலை எழும்பி வெளிச்சம் குறைஞ்சா அங்க இருக்கிறவங்களுக்குக் கொண்டாட்டம்.

நம்ம பக்கம் அந்த இடத்துல உட்கார்ந்திருக்கிறது விரால். தெலங்கானாவுல இதுதான் மாநில மீன். ஹைதராபாத்ல ஜூன் மாசம் ஆஸ்துமாக்குன்னு உயிரோட மீன் குஞ்சை வாய்க்குள்ள விடுவாங்களே, அதுவும் விரால் குஞ்சுதான். (அதனால ஆஸ்துமா போகுமான்னு என்னைக் கேட்காதீங்க. டாக்டரைப் பாருங்க.)

விரால் கலங்கல்ல ஜெயிக்கிறது கண்ணால இல்ல, மூச்சால. செவுளுக்கு மேல அதுக்கு ஒரு காற்றறை இருக்கு. சில நிமிஷத்துக்கு ஒரு தடவை மேல வந்து காத்தை ஒரு வாய் முழுங்கிட்டுப் போகும். இது அதுக்குக் கட்டாயம். வலையில மாட்டி மேல வர முடியாமப் போச்சுன்னா, தண்ணிக்குள்ள இருக்கிற மீன் மூச்சு முட்டியே செத்துடும். நமக்கு இதுல ஒரு லாபம்: அமைதியான காலையில கரையில கால் மணி நேரம் சும்மா நின்னா, "ப்ளக்"னு ஒரு சத்தமும் ஒரு வளையமும் விரால் இருக்கிற இடத்தைக் காட்டிக் கொடுக்கும். காத்தடிக்கிற நாள்ல இந்த வளையம் தெரியாது. ரப்பர் தவளை தண்ணி மேல தத்துற அதிர்வும் அலையில கரைஞ்சிடும். அதனால அமெரிக்காக்காரங்க காத்துக்குக் காத்திருப்பாங்க, நாம காத்து ஓயக் காத்திருக்கணும்.

இப்ப மாசக் கணக்குக்கு வருவோம். சேலம், நாமக்கல் சமவெளி ஏரிகள் பெரும்பாலும் மலைக்குக் கீழ படுத்திருக்கிறவை. கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு ஏற்காடு மலைப் பக்கத்துத் தண்ணி. நாமக்கல் பக்கம் தூசூர் ஏரிக்குக் கொல்லிமலை மழை. ஒரு நல்ல மழைக்கு ரொம்பும், ரெண்டு பொய்த்த வருஷத்துக்கு வெடிச்சுக் கிடக்கும். ஒரு காலத்துல சேலம் நகரத்துக்கே குடிதண்ணி கொடுத்த பனமரத்துப்பட்டி ஏரி பிற்காலத்துல காய்ஞ்சு சீமைக் கருவேலங்காடா நின்னதை இந்தப் பக்கத்து ஆளுங்க மறக்க மாட்டாங்க.

சேலத்துக்கு ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் வரைக்கும் நல்ல மழை. சாயங்காலம் இடி இடிச்சு ஒரு ஊத்து ஊத்தும். மறுநாள் வரத்து வாய்க்கால்ல செங்காவிக் கலர்ல தண்ணி இறங்கும். வாய்க்கால் ஏரியில சேர்ற வாயிலதான் சின்ன மீன், தவளை, பூச்சி எல்லாம் சேரும், விராலும் அங்க வரும். ஆனா முதல் வெள்ளம் இறங்குற அன்னிக்கே போகாதீங்க. ரெண்டு மூணு நாள்ல மண் கொஞ்சம் படிஞ்சு, உள்ளங்கையை முழங்கை ஆழத்துல வெச்சா மங்கலாத் தெரியுற அளவுக்கு வந்ததும் போங்க. பளிச்னு மஞ்சளோ வெள்ளையோ தவளை வேண்டாம். கலங்கின தண்ணிக்குக் கறுப்பு நல்லது. கீழ இருந்து வானத்தைப் பார்க்கிற மீனுக்கு நிழல் மாதிரித் தெரியும்.

அடுத்தது ஏரி ரொம்புற காலம். கரையோரப் புல், கோரை, நெய்வேலி காட்டாமணக்கு எல்லாம் தண்ணிக்குள்ள போயிடும். அந்தப் புதுப் புல்லுக்குள்ளதான் விரால் ஜோடி செடியை விலக்கி ஒரு வட்டம் பண்ணி முட்டை போடும். முட்டை மேல மிதக்கும், மஞ்சள் மணி மாதிரி இருக்கும். ஒண்ணு ரெண்டு நாள்ல பொரிச்சுடும். அப்புறம் குஞ்சுங்க எல்லாம் செம்மஞ்சள் கலர்ல ஒரே உருண்டையா மேல வரும், கீழ போகும். தூரத்துல இருந்து பார்த்தா தண்ணி கொதிக்கிற மாதிரி இருக்கும். அதுங்களுக்கும் காத்து வேணுமே.

உருண்டைக்கு அடியில தாயோ தகப்பனோ, சில சமயம் ரெண்டும் நிக்கும்.

வால்ஐ முட்டையைச் சரளைக் கல்லு மேல தூவிட்டுப் போயிடும், திரும்பிப் பார்க்காது. விரால் அப்படி இல்ல. உருண்டை மேல எது விழுந்தாலும் முட்டும், கடிக்கும். பசிக்கு இல்ல, விரட்டுறதுக்கு. அதனால அதுக்கு மேல ஒரு ரப்பர் தவளையைப் போட்டா, முதல் நாள் தூண்டில் பிடிச்ச பையன் கூடப் பெரிய விரால் தூக்கிடலாம். வருஷத்துலயே சுலபமா மீன் மாட்டுற வாரம் இதுதான். ரீல்ஸ்ல லைக்ஸ் வாங்குறதுல பாதி இந்த மீனுங்கதான், எடுத்தவருக்கே அது தெரியாம இருக்கலாம்.

தாயைத் தூக்கினதும் என்ன ஆகும்? ஜிலேபி, கெளுத்தி, தண்ணிப் பாம்பு, கொக்கு எல்லாம் அந்த உருண்டைக்குள்ள புகுந்துடும். ஒரு மீனை எடுத்தோம்னு நினைப்போம், எடுத்தது ஒரு தலைமுறையை. அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு "முன்னெல்லாம் இந்த ஏரியில எவ்ளோ விரால் தெரியுமா"ன்னு டீக்கடையில பேசுவோம்.

மின்னசோட்டாவுல பெரும்பாலான ஏரிகள்ல பிப்ரவரி கடைசியில இருந்து மே நடு வரைக்கும் வால்ஐ பிடிக்கக் கூடாது. நம்ம கிழக்குக் கடற்கரையிலயும் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத் தடைக்காலம், டிவியில நியூஸ் வரும். ஏரி விராலுக்கு இப்படி ஒரு தேதியை யாரும் நியூஸ்ல சொல்றதில்ல. கொங்குப் பக்கம் புரட்டாசியில பல வீட்டுல கவிச்சி கிடையாது, அந்த ஒரு மாசம் தற்செயலாக் கிடைக்கிற ஓய்வு. ஐப்பசி, கார்த்திகைக்கு அந்தக் கொடுப்பினையும் இல்ல. அதனால செங்குஞ்சு உருண்டையைப் பார்த்தா தூண்டிலைச் சுருட்டிட்டு ஐம்பது அடி தள்ளிப் போங்க. மாட்டிட்டா அதே இடத்துல, உடனே விடுங்க. போட்டோவுக்குக் கரையில வெச்சுப் புரட்ட வேண்டாம்.

தை, மாசி என்னோட காலம். மண் படிஞ்சு தண்ணி லேசாப் பச்சை கட்டியிருக்கும், குஞ்சுங்க கறுத்துப் பிரிஞ்சு போயிருக்கும். பனிக் காலையில ஆறு மணிக்குப் போய் நடுங்க வேண்டாம். வெயில் ஏறி ஒன்பது, பத்து மணிக்கு மேல மேட்டுத் தண்ணி சூடானதும் மீன் நகரும். ஏழடி ராட், முப்பது நாற்பது பவுண்ட் பிரெய்ட் லைன் போதும். தவளையை ஆகாயத்தாமரை மேல இழுத்து ஓரத்துல "தொப்"னு விடுங்க. கடிச்சதும் இழுக்காதீங்க, ஒரு மூச்சு விட்டுட்டு இழுங்க. உயிருள்ள தவளையைக் கொக்கியில கோர்க்காதீங்க. பெரிய காளைத் தவளை வனவிலங்குச் சட்டப் பட்டியல்ல இருக்கிற உயிரினம்.

பங்குனிக்கு மேல ஏரி சுருங்கும். மதகுப் பக்கத்துப் பள்ளத்துல எல்லா மீனும் நெருக்கியடிக்கும். பல ஊர்ல ஏரி மீன் குத்தகை பசலி ஆண்டுக் கணக்கு, ஜூன் 30-ல முடியும். அதுக்குள்ள குத்தகைக்காரர் வலை இழுத்து எல்லாத்தையும் எடுத்தாகணும். அவரோட கட்லா, ரோகு குஞ்சைத் தின்னுறதால மழைக்காலத்துல விரால் அவருக்குத் திருடன். சித்திரையில அதே விரால் அதிக விலை போறதால செல்லப்பிள்ளை. அவர்கிட்ட கேட்காம அவர் ஏரியில தூண்டில் போடாதீங்க. "அண்ணா, ரெண்டு மணி நேரம் போட்டுக்கலாமுங்களா"ன்னு கேட்டா பெரும்பாலும் சரின்னுதான் சொல்லுவாங்க. வலைக்குத் தப்பின விரால் ஈரச் சேத்துக்குள்ள புதைஞ்சு, காத்தைக் குடிச்சுக்கிட்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கு. "விரால் இருக்குன்னா தண்ணி நல்ல தண்ணி"ன்னு சிலர் சொல்றாங்க. இல்லைங்க. காத்தைச் சுவாசிக்கிற மீன் கெட்ட தண்ணியிலயும் உசுரோட இருக்கும். சேகோ ஆலைக் கழிவு இறங்கினாலும், திருமணிமுத்தாறு சேலத்துச் சாக்கடையைச் சுமந்துக்கிட்டு வந்து சேர்ந்தாலும், ஆக்ஸிஜன் இல்லாம முதல்ல மிதக்கிறது கட்லாவும் ரோகுவும்தான். விராலும் கெளுத்தியும் கடைசி வரை நிக்கும். ஏரியில பிடிச்சது எல்லாம் நாட்டு மீன்னும் நினைக்காதீங்க. ஜிலேபி 1952-ல இந்தியாவுக்கு வந்தது. வளர்க்கத் தடை இருக்கிற ஆப்பிரிக்கக் கெளுத்தியும் தப்பிச்சு வந்து ஏரிகள்ல சுத்துது. அதைத் திரும்பத் தண்ணியில விடாதீங்க.

செங்காவித் தண்ணி மண்ணோட நிறம், பயப்பட வேண்டாம். பச்சை பாசி. கறுத்து, நுரை கட்டி, புளிச்ச நாத்தம் வந்தா எவ்ளோ பெரிய மீன் மாட்டினாலும் வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க.

அடுத்த எபிசோட் மேட்டூர் அணை. அங்க ஆழமே வேற, கணக்கும் வேற. உங்க ஊர் ஏரியில செங்குஞ்சு உருண்டை எந்த மாசம் தெரியுதுன்னு வாய்ஸ் நோட் போடுங்க. ஏரி பேரும் தேதியும் போதும், மேப்ல எந்த ஓரம்னு மட்டும் சொல்லிடாதீங்க.