பின்லாந்துக் கமக்காரரின் தடிப்போர்

பின்லாந்து நாடு பதின்மூன்றாம் நூற்றாண்டு தொடக்கம் 1809 ஆம் ஆண்டுவரை சுவீடன் அரசின் ஒரு பகுதியாக விளங்கிற்று. அந்நாட்டுக் கமக்காரர் அடிமைகளல்லர், நிலமுடையோர், அரசனிடம் நேரே முறையிடும் உரிமையும் பெற்றிருந்தோர். அத்தகையோர் 1596 ஆம் ஆண்டில் தடியேந்திப் போர்க்கோலம் பூண்டது எதனால் என்பதை ஆராய்தல் பயனுடைத்து.

1570 இல் உருசியாவுடன் மூண்ட போர் இருபத்தைந்து ஆண்டுகள் நீடித்து, 1595 இல் தெய்சினா உடன்படிக்கையால் முடிவெய்தியது. எல்லைப்புற ஊர்கள் எரியுண்டன, வரிச்சுமை பெருகிற்று. போர்வீரருக்குக் கொடுக்க அரசிடம் பணமில்லை. ஆகவே அவர்களைக் கமக்காரரின் மனைகளில் தங்கவைத்து, தமக்குரிய ஊதியத்தைத் தானியமாகவும் உணவாகவும் குதிரைத் தீனியாகவும் அவர்களே பெற்றுக்கொள்ளும் முறை ஏற்பட்டது. வரி கொடுப்போனும் அதனைத் தண்டுவோனும் ஒரே கூரையின்கீழ் வாழ நேர்ந்தது. தண்டுவோன் கையில் வாளிருந்தமையால் அளவுக்கு மிஞ்சிக் கவர்வதைத் தடுப்பார் இலராயினர்.

சமாதானம் வந்தபின்னரும் இச்சுமை நீங்கவில்லை. அக்காலத்தில் சுவீடனின் அரசனாயிருந்த சிகிஸ்மண்ட், போலந்துக்கும் அரசன், கத்தோலிக்கன். அவன் சிற்றப்பனாகிய கோமகன் சாள்ஸ், லூதரின் சமயத்தவரைத் துணைக்கொண்டு ஆட்சியைக் கைப்பற்ற முயன்றான். பின்லாந்தை ஆண்ட கிளவுஸ் பிளெமிங் அரசன் பக்கம் நின்றான். கோமகனை எதிர்க்கும்பொருட்டுப் படையைக் கலைக்காது வைத்திருந்தான். படையோ கமக்காரரின் மனைகளிலேயே உண்டு வாழ்ந்தது.

பொத்னியாக் குடாவின் கீழ்க்கரையிலுள்ள ஒஸ்திரபொத்னியாப் பகுதியினர் கோமகனிடம் சென்று முறையிட்டனர். வேறு வழியில்லையேல் தடிகொண்டேனும் உங்களை நீங்களே காத்துக்கொள்ளுங்கள் என அவன் விடையளித்ததாக மரபு கூறும். 1596 நவம்பரில் இசோக்கீரோவில் கிளர்ச்சி வெடித்தது. இல்மயோக்கி ஊரினனான யாக்கோ இல்க்கா என்னும் கமக்காரன் தலைவருள் ஒருவனானான். இரும்பு முள் பதித்த தடிகளே அவர்களின் சிறப்பான படைக்கலம். அதனாலேயே இது தடிப்போர் எனப் பெயர்பெற்றது.

தெற்கு நோக்கிச் சென்ற கூட்டத்தினரை ஆண்டிறுதியில் நொக்கியாவில் பிளெமிங் எதிர்கொண்டான். பீரங்கியும் குதிரைப்படையும் அவன்பாலிருந்தன. தலைவனை ஒப்படைத்தால் மன்னிப்பளிப்பதாக வாக்களித்தான். இல்க்கா இரவில் தப்பியோட, கலைந்து சென்றோரைக் குதிரைவீரர் துரத்தி வெட்டினர். இல்க்கா பின்னர் பிடிபட்டு 1597 ஜனவரியில் கொல்லப்பட்டான். பெப்ரவரியில் சாந்தவூரியில் நிகழ்ந்த போரோடு ஒஸ்திரபொத்னியரின் எதிர்ப்பு ஒடுங்கியது. மாண்டோர் தொகை ஏறத்தாழ 3,000 எனக் கணிப்பர்.

பிளெமிங்கும் அவ்வாண்டு ஏப்பிரலில் இறந்தான். தடியேந்துமாறு கூறியதாகச் சொல்லப்படும் கோமகனோ தக்க வேளையில் துணைப்படை அனுப்பினானல்லன். கமக்காரர் அழிந்தபின்னரே கடல்கடந்து வந்து தூர்க்குக் கோட்டையைக் கைப்பற்றினான். 1599 இல் சிகிஸ்மண்ட் நீக்கப்பட்டான். பிளெமிங்கின் மகன் தூர்க்குவில் சிரச்சேதம் செய்யப்பட்டான். ஆயினும் மறு ஆண்டே லிவோனியாவில் போலந்துடன் போர் மூள, பின்லாந்து மீண்டும் ஆளும் பொருளும் ஈந்தது.

இக்கிளர்ச்சியின் காரணம் பற்றி அறிஞர் ஒருமித்த கருத்தினரல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதனை விரிவாக எழுதிய இர்யோ கோஸ்கினென் கொடுமைக்கெதிரான மக்கள் எழுச்சியெனக் கண்டார். பென்றி ரென்வால் அதிகாரப் போட்டியில் கோமகனின் தூண்டுதலை வற்புறுத்தினார். 1977 இல் ஹெய்க்கி இல்லிகங்காஸ் இதனை உழைப்போர் பிரபுக்களுக்கு எதிராக நிகழ்த்திய வகுப்புப் போராட்டமெனக் கொண்டார். தூண்டுதல் இருந்தது உண்மையே. எனினும், தூண்டுதல் தீப்பொறி போன்றது. உலர்ந்த விறகின்றி அது பற்றாது. முறையீட்டுக்குச் செவிசாய்க்கும் அரசு இல்லாதவிடத்து, மனைக்குள் புகுந்த வாளே அவ்விறகை உலர்த்திற்று எனல் பொருந்தும்.