லாரி என்று பெயரெடுத்த ரேஸ் கார்

பென்ட்லியின் ரேஸ் கார்களை, உலகிலேயே வேகமான லாரிகள் என்று போட்டி ரேஸ் கார் தயாரிப்பாளர் எத்தோரே புகாட்டி கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். அவருடைய டைப் 35 ரேஸ் கார் கிட்டத்தட்ட முக்கால் டன். பென்ட்லி ஒன்றரை டன்னுக்கும் மேல். ஆனால் அந்தக் கேலியில் எடையைவிடப் பெரிய உண்மை ஒன்று இருக்கிறது. 1928-இல் லு மான் பந்தயத்தை வென்ற நாலரை லிட்டர் பென்ட்லியையும், 2022-இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பையும் குனிந்து அடியில் பாருங்கள். இரண்டிலும் ஏணி வடிவ எஃகு சேஸிஸ் (அடிச்சட்டம்). பின்னால் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு, அதைச் சேஸிஸோடு இணைக்கப் பட்டை ஸ்பிரிங், பின்சக்கரங்களில் டிரம் பிரேக்.

குலுக்கலையும் பாரத்தையும் சேஸிஸே வாங்கிக்கொள்வதால், மேல்கூட்டை எப்படி வேண்டுமானாலும் அமைக்கலாம். பென்ட்லிக்கு மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தினார்கள்! ஆனால் அந்த ஏணி முறுக்கத்துக்கு அவ்வளவாகத் தாங்காது. 1928 பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் பென்ட்லி ஓட்டுநர் பார்னாட்டோ ஓட்டிய வண்டியின் சேஸிஸே விரிசல் விட்டது. மெல்ல உருட்டித்தான் ஜெயித்தார்.

இன்ஜினிலும் உறவு தெரிகிறது. இரண்டுமே நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு. பென்ட்லி 4,398 சிசியில் பந்தயத்துக்கு 130 குதிரைத்திறன் தந்தது. டீசல் ஹைலக்ஸோ 2,755 சிசியில் 204 தருகிறது. முக்கியக் காரணம் டர்போ: வீணாகப் போகும் புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. பென்ட்லியிலும் பந்தய ஓட்டுநர் டிம் பிர்கின் காற்றழுத்தி பொருத்தி 240 வரை ஏற்றினார். அதைச் சுழற்றியதோ இன்ஜினே. சம்பாதித்ததில் ஒரு பங்கை அந்தக் காற்றழுத்தியே தின்றது. நிறுவனர் டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவே இல்லை. லு மானில் அது ஒருமுறையும் வெல்லவில்லை என்பதால் அவர் பக்கம்தான் நியாயம் என்பேன். ஆனாலும் 1930-இல் போ நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் பிர்கின் இரண்டாவதாக வந்தார். முதலில் வந்தது ஒரு புகாட்டி கார்.

உண்மையான வித்தியாசம் ஓட்டுநர் இருக்கையில்தான். ஆட்டோமேட்டிக் ஹைலக்ஸில் கியர் மாறுவதையும் எரிபொருள் அளவையும் கம்ப்யூட்டர் கவனிக்கிறது. பென்ட்லியில் ஆக்சிலரேட்டர் நடுவில், பிரேக் வலப்பக்கம். ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை இருமுறை மிதித்து, இன்ஜின் வேகத்தைக் காதால் கணித்துச் சேர்க்க வேண்டும். தவறினால் பற்சக்கரங்கள் அலறும். தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதையும் ஸ்டியரிங் நடுவிலுள்ள நெம்புகோலால் கையாலேயே திருத்த வேண்டும். 1928 லு மானில் பார்னாட்டோவும் அவருடைய இணை ஓட்டுநர் ரூபினும் மாறி மாறி இப்படியே 24 மணி நேரம் ஓட்டி, சராசரியாக மணிக்கு 111 கிலோமீட்டர் வேகத்தில் 2,669 கிலோமீட்டர் கடந்தார்கள்.